ஃபன்ட்ரி: கருங்குருவியும் கூட அலைந்தவனும்

நாக்ராஜ் மஞ்சுளே 2013இல் எடுத்த ‘ஃபன்ட்ரி’ மராத்திப் படத்தைக் கைகூடாத காதல் கதை என்று சொல்றவங்க நிறையப் பேர். கைக்காடிச் சாதிப் பையன் ஜப்யா, கூடப் படிக்கிற மேல்சாதிப் பெண் ஷாலுவை விரும்புகிறான், கடைசியில் கல்லெறிகிறான். இவ்வளவுதானா? ஷாலுவிடம் மனசைத் திறந்து அவன் ஒரு வார்த்தை பேசுவதில்லையே. பேசுவதெல்லாம் கூட்டாளி பிர்யாவிடம்தான்.

கருங்குருவியை எரித்த சாம்பலைத் தூவினால் விரும்பின பெண் மயங்குவாள் என்று ஜப்யாவுக்கு ஒரு நம்பிக்கை. கவட்டையும் கல்லுமாகக் காடுமேடெல்லாம் பிர்யாவும் கூடவே அலைகிறான். அந்தக் காதலில் அவனுக்கு என்ன பங்கு? ஒன்றுமில்லை. விமர்சகர்கள் குருவியைக் குறியீடு என்று பக்கம் பக்கமாக விளக்குகிறார்கள், கூட அலைந்தவனை விட்டுவிடுகிறார்கள்.

ஃபன்ட்ரி என்றால் கைக்காடி மொழியில் பன்றி. தமிழுக்கு உறவான மொழி அது. ஊர்ப் பையன்கள் ஜப்யாவை அந்தச் சொல்லால் விரட்டும்போது எனக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

திருவிழாவில் ஊரே ஆடுகிறது; இவன் தலையில் விளக்கைச் சுமந்து நிற்கிறான், அவள் பார்க்கிறாள். அப்புறம் ஊர்ப் பன்றியைப் பிடிக்கக் குடும்பமே இறங்குகிறது, அதுவும் பள்ளிக்கூடத்துப் பக்கத்தில். ஜப்யா ஒளிந்துகொள்கிறான். அப்பன் கச்ரு தேடிப் பிடித்து அடிக்கிறான். அந்த அடியைப் பார்த்துக் கச்ருவைக் கொடுமைக்காரன் என்று ஒரு தோழர் சொன்னார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஊர் கச்ருவுக்குக் கொடுத்ததைத்தான் அவன் மகனுக்குக் கொடுக்கிறான்.

ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது எங்க அப்பா செத்த மாட்டை மூங்கில் கழியில் கட்டி, பள்ளிக்கூட வாசல் வழியாத் தூக்கிட்டுப் போனார். நாலு பேர் தூக்க வேண்டிய மாடு, மூணு பேர்தான் இருந்தாங்க. நான் புளியமரத்துக்குப் பின்னால் போய் நின்னுக்கிட்டேன். பெண்கள் வரிசையில் ஒருத்தி பார்த்துவிடுவாளோ என்பதுதான் என் கவலை. எங்க தெருவுப் பையன், எனக்காக அவள் வீட்டுப் பக்கம் நாலு தடவை சைக்கிளில் சுற்றினவன், பைக்கட்டைக் கீழே போட்டுட்டு ஓடிப்போய் நாலாவது தோளைக் கொடுத்தான். அவனைப் பார்த்து வகுப்பே சிரித்தது. சாயங்காலம் அவன் என்னை ஒன்றும் கேட்கவில்லை.

படத்தில் எனக்குக் குறையும் உண்டு. ஷாலு வெறும் முகமாகவே நின்றுவிடுகிறாள். ஜப்யாவோடு பன்றி விரட்டுகிற அவன் அக்காக்களுக்கும் வெட்கம் இருந்திருக்கும். அவர்களை யாரெல்லாம் பார்த்தார்கள், அவர்கள் எங்கே ஒளிவது? கேமரா அதைத் தேடிப் போகவில்லை.

ஆனால் அந்தத் தேசியகீதக் காட்சி! பள்ளியில் பாட்டுக் கேட்டதும் விரட்டினவர்கள் அப்படியே விறைத்து நிற்க, பன்றி பாட்டுக்குப் போகிறது. பிறகு பிடிபட்ட பன்றியைக் கழியில் கட்டி, அம்பேத்கரும் புலேயும் வரைந்திருக்கிற பள்ளிச் சுவரை ஒட்டித் தூக்கிப் போகிறார்கள். கழியின் ஒரு முனை ஜப்யாவின் தோளில்.

கடைசிக் கல் திரையை நோக்கி வருகிறது. பார்த்துக்கிட்டிருக்கிற சாதி இந்துவுக்கு அது என்று எழுதினார்கள். சரிதான். புளியமரத்துப் பின்னால் நின்றவனுக்கும் நல்லாவே பட்டது.