குதிகாலுக்கு முன்னால் முழங்கால்

2019 செப்டம்பர் கடைசியில் கலிபோர்னியாவின் அனாஹைம் நகரில் ஏடிசிசி உலகப் போட்டி நடந்தது. அங்கி போடாமல் ஆடும் ஜியு-ஜிட்சுவில் அதைவிடப் பெரிய மேடை அன்றைக்கு இல்லை. ஆஸ்திரேலியாவின் லாக்லன் ஜைல்ஸ் 77 கிலோ பிரிவில் இறங்கி, முதல் ஆட்டத்திலேயே பிரேசிலின் லூக்காஸ் லெப்ரியிடம் தோற்றார். அத்தோடு ஊருக்குப் பெட்டி கட்டியிருக்கலாம். ஆனால், எடை வித்தியாசமே பார்க்காத பொதுப் பிரிவில் அவருக்கு ஓர் இடம் கிடைத்தது. எதிரே வந்து நின்றவர் கைனன் டுவார்ட்டே. அந்த ஆண்டு 99 கிலோவுக்கு மேற்பட்டோர் பிரிவில் தங்கம் வாங்கிய மலை.

ஜைல்ஸ் நின்று மல்லுக்கட்டவில்லை. தரையில் உட்கார்ந்தார். டுவார்ட்டேயின் ஒரு காலைத் தன் இரண்டு கால்களுக்குள் பின்னிக்கொண்டார், குதிகாலை முழங்கையில் கோத்தார், திரும்பினார். டுவார்ட்டே தோல்வியை ஒப்புக்கொண்டு தட்டிவிட்டார். அடுத்து பாட்ரிக் காடியோ, அதே பிடி. அரையிறுதியில் கோர்டன் ரயனிடம் தோல்வி. வெண்கலத்துக்கான ஆட்டத்தில் மஹமத் அலி, மறுபடியும் அதே பிடி. மூன்று பேருமே அவரைவிடப் பெரிய உடம்பு. மூன்று பேரும் விழுந்தது ஹீல் ஹூக்கில்.

தாம்பரம் சுற்றுவட்டாரத்தில் ஜியு-ஜிட்சு பழகும் அறுபது, எழுபது கிலோ ஆசாமிகளுக்கு இதைவிட நல்ல செய்தி வேறு என்ன வேண்டும்? அந்த மூன்று ஆட்டங்களைப் பார்த்துவிட்டு, 'காலைப் பிடிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும், அதற்கென்றே நடக்கும் முகாமுக்குப் போக வேண்டும்' என்று ஒருவர் கிளம்பினால் அது நல்ல முடிவுதான். ஆனால் முகாமில் எதைத் தேடுவது என்று தெரியாமல் போனால், ஐந்து நாள் விடுப்பும் டிக்கெட் காசும் வீண். ஜைல்ஸின் ஆட்டத்தைக் கொஞ்சம் நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் எதைத் தேட வேண்டும் என்பது தெரியும்.

ஹீல் ஹூக் என்ற பெயரே ஆளைத் திசைதிருப்பும். பிடிப்பது குதிகாலை; சேதமாவது முழங்கால். முழங்கால் என்பது கதவுக் கீல் மாதிரி. மடக்கலாம், நீட்டலாம், திருகினால் தாங்காது. எதிராளியின் கால்விரல்கள் நம் அக்குள் பக்கம் மாட்டியிருக்க, குதிகால் நம் முன்கையில் உட்கார, நாம் உடம்போடு திரும்பும்போது கணுக்காலும் கெண்டைக்கால் எலும்பும் சேர்ந்து திரும்புகின்றன. தொடை மட்டும் திரும்பாமல் நின்றால், முழு முறுக்கும் முழங்காலின் தசைநார்களில் போய் இறங்குகிறது. தொடையும் சேர்ந்து திரும்பிவிட்டால்? ஒன்றும் ஆகாது. கால் மொத்தமும் இடுப்பு மூட்டிலிருந்து உருண்டு, எதிராளி சுளுவாக வெளியே போய்விடுவார்.

ஆகவே முக்கியமான வேலை கையில் இல்லை. தொடையை அசையவிடாமல் வைத்திருக்கும் நம் கால்களில் இருக்கிறது. ஆட்டக்காரர்கள் இதை 'நீ லைன்' என்பார்கள், முழங்கால் கோடு. எதிராளியின் முழங்கால் நம் தொடைகளின் இறுக்கத்துக்கு உள்ளே இருக்கும்வரை அவர் நம் ஆள். அது ஒரு சாண் வெளியே நழுவிவிட்டால், கையில் இருக்கும் குதிகாலுக்கு மதிப்பே கிடையாது. அனாஹைமில் ஜைல்ஸ் கையை அவசரப்படுத்தவே இல்லை. டுவார்ட்டேயின் முழங்கால் எங்கே இருக்கிறது என்பதில்தான் அவருடைய கால்கள் முழுநேரமும் வேலை பார்த்தன. அதன்பிறகு குதிகால் தானாகக் கைக்கு வந்தது.

சரி, இவ்வளவு முக்கியமான விஷயம் வழக்கமான வகுப்பில் ஏன் சரியாக வருவதில்லை? பயிற்சியாளரைக் குறை சொல்ல முடியாது. விதிகள் அப்படி. சர்வதேச பிரேசிலிய ஜியு-ஜிட்சு கூட்டமைப்பான ஐபிஜேஜேஎஃப் நடத்தும் போட்டிகளில் வெள்ளை பெல்ட்காரருக்கு நேரான கணுக்கால் பூட்டு மட்டும்தான் உண்டு. 'நீ பார்', 'டோ ஹோல்ட்' என்ற காற்பூட்டுகள் எல்லாம் பிரவுன் பெல்ட் வந்த பிறகுதான். ஹீல் ஹூக்கை 2021-ல்தான் அனுமதித்தார்கள். அதுவும் அங்கி இல்லாத ஆட்டத்தில், வயதுவந்தோர் பிரிவின் பிரவுன், பிளாக் பெல்ட்டுகளுக்கு மட்டும். போட்டியில் இல்லாததை யார் தினமும் சொல்லிக்கொடுப்பார்கள்? சாயங்காலம் வேலை முடிந்து, ஜிஎஸ்டி ரோடு நெரிசலில் நீந்தி, ஏழரை மணிக்குப் பயிற்சி மேட் மீது ஏறுகிறவருக்குக் கிடைப்பது ஒன்றரை மணி நேரம். வார்ம்-அப், இரண்டு நுட்பம், நாலைந்து ரோல் எனும் மோதல். அந்த ரோல்களில் கால்கள் பின்னிக்கொள்ளும் தருணம் ஒருமுறை வந்தால் அதிகம். ஐந்து வருடம் பழகியும் கால் விஷயத்தில் முதல் வருடத்துப் பிள்ளையாகவே நின்றுவிடுகிறவர்கள் இப்படித்தான் உருவாகிறார்கள்.

இந்த ஓட்டையை முதலில் சுட்டிக்காட்டியவராக டீன் லிஸ்டரைச் சொல்வார்கள். நியூயார்க்கில் ரென்ஸோ கிரேசியின் பள்ளிக்கு வந்த அந்த அமெரிக்கர், மனித உடம்பில் பாதியை ஏன் விட்டுவிட வேண்டும் என்று ஜான் டனஹரிடம் கேட்டார். நியூசிலாந்தில் வளர்ந்து, கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தத்துவம் படிக்க வந்த டனஹருக்கு அந்தக் கேள்வி உள்ளே போய்த் தைத்தது. அந்தப் பள்ளியின் நிலவறையில் எடி கம்மிங்ஸ், கேரி டோனன், கோர்டன் ரயன் என்று ஒரு சின்னக் கூட்டத்தை வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் காலையே ஆராய்ந்தார். அதே கோர்டன் ரயன் 2017-ல் பின்லாந்தின் எஸ்போவில் ஏடிசிசி தங்கத்தைத் தூக்கினார்.

அந்த நிலவறையை ஒரு முடியாத முகாம் என்றே சொல்லலாம். அதே ஆட்கள், அதே பாடம், தினமும். முகாமுக்குப் போகிறவர் விலை கொடுத்து வாங்குவது அந்தச் சூழலின் ஒரு துண்டைத்தான்; புதுப் பிடிகளை அல்ல. பிடிகள் இணையத்தில் கொட்டிக்கிடக்கின்றன. டனஹரே 2018-ல் தன் காற்பூட்டு முறையை வீடியோத் தொகுப்பாக வெளியிட்டுவிட்டார். வீட்டில் கிடைக்காதது, எதிரே உட்கார்ந்து அதே நிலையை நாற்பது முறை எதிர்க்கும் ஓர் ஆள். அதுவும் ஒவ்வொரு சுற்றிலும் வேறு வேறு நீளக் கால்களோடு.

தாம்பரத்திலிருந்து நாலாவது ஸ்டேஷன் திரிசூலம். இறங்கிச் சாலையைக் கடந்தால் விமான நிலையம்; அங்கிருந்து தாய்லாந்துக்குப் பறக்கச் சில மணி நேரம். அங்குள்ள புக்கெட், இந்தோனேசியாவின் பாலி பக்கம் இப்போது வருடம் முழுக்க ஜியு-ஜிட்சு நடக்கிறது. பணமும் விடுப்பும் இல்லாதவருக்கு உள்ளூரில் வாரக்கடைசி செமினார்தான் வழி. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. செமினாரில் மூன்று மணி நேரத்தில் ஆறு நுட்பம் பார்ப்பார்கள், போட்டோ எடுத்துக்கொள்வார்கள், அடுத்த வியாழக்கிழமைக்குள் ஐந்து மறந்துபோகும். முகாம் என்றால் முதல் நாள் பார்த்ததை மூன்றாம் நாள் மறுபடி தோற்றுப் பார்க்க முடிய வேண்டும். நாளுக்குப் பன்னிரண்டு நுட்பம் காட்டும் முகாமைவிட, ஐந்து நாளும் இரண்டே நிலைகளில் உட்காரவைக்கும் முகாமே மேல். பதிவு செய்வதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வியும் இதுதான்: கற்பிப்பதற்கு எவ்வளவு நேரம், அந்த நிலையிலிருந்தே தொடங்கி மோதுவதற்கு எவ்வளவு நேரம்?

நல்ல முகாமின் ஒரு சுற்றைக் கிட்டே போய்ப் பார்ப்போம். இரண்டு பேர் எதிரெதிரே. ஒருவருடைய வலது கால் ஏற்கெனவே மற்றவரின் கால்களுக்குள் மாட்டியிருக்கிறது. அஷி கராமி என்ற அடிப்படை நிலை. கைகளுக்கு வேலை இல்லை, குதிகாலைத் தொடக்கூடாது. உள்ளே மாட்டியவர் முழங்காலை வெளியே இழுக்க வேண்டும். பிடித்தவர் இழுக்கவிடக் கூடாது. இரண்டு நிமிடம். முதல் முறை பத்து விநாடியில் முழங்கால் வழுக்கிப் போகிறது. ஏன் என்று பார்த்தால் பிடித்தவரின் இடுப்பு அரையடி தள்ளி இருக்கிறது, பாதங்கள் தொங்குகின்றன. இடுப்பை ஒட்டிக்கொண்டு வந்து, வெளிக்கால் பாதத்தை எதிராளியின் இடுப்பில் பதித்ததும் முப்பது விநாடி நிற்கிறது. நுட்பத்தின் பெயர் எதுவும் சொல்லப்படவில்லை. ஆனால் உடம்பு கற்றுக்கொண்டுவிட்டது.

தமிழ்நாட்டு ஆட்டக்காரருக்கு இதில் ஒரு முன்கூட்டிய லாபமும், கூடவே ஒரு சிக்கலும் உண்டு. காரணம், கபடி. கோட்டின் ஓரத்தில் குந்தி நின்று, ரெய்டர் காலை நீட்டும் கணத்தில் கணுக்காலில் பாய்வதை நம் பிள்ளைகள் சின்ன வயதிலேயே பார்த்து வளர்கிறார்கள். அந்தப் பிடிக்குப் பெயர் வாங்கியவர் தஞ்சை மாவட்டத்துத் தர்மராஜ் சேரலாதன். 2016-ல் புரோ கபடி லீக்கின் நாலாவது சீசனில் பாட்னா பைரேட்ஸ் கோப்பை வென்றபோது அணித் தலைவர் அவர்தான். தென்சென்னையில் கண்ணகி நகர் கார்த்திகாவை இப்போது யாருக்கும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் அணியில் ஆடியவர்.

கபடி தெரிந்த ஒருவர் ஜியு-ஜிட்சு மேட் மீது இறங்கினால் காலைப் பிடிக்கும் வேகத்தில் மற்றவர்களை முந்திவிடுவார். நேரம் பார்த்துப் பாயும் கண் அவருக்கு இருக்கிறது. சிக்கல் பிடித்த பிறகு வரும். கபடியில் ரெய்டரைக் கோட்டுக்குப் போகவிடாமல் நிறுத்தினால் போதும். கூட்டாளிகள் வந்து மூடிவிடுவார்கள். இங்கே யாரும் வரமாட்டார்கள். கையால் பாதத்தைக் கட்டிக்கொண்டு இழுத்துக்கொண்டே இருந்தால் இடுப்பு தூரத்தில் கிடக்கும், முழங்கால் கோடு போய்விடும். முகாமில் அவருடைய முழு வேலையும், கைப்பிடியை மறந்து இடுப்பைக் கிட்டே கொண்டுவருவதுதான்.

காலைக் கவனிப்பது நமக்குப் புதிதும் அல்ல. புறநானூற்றின் 80-ஆம் பாட்டில் சாத்தந்தையார், ஆமூர் மல்லனைச் சோழன் போர்வைக்கோப்பெருநற்கிள்ளி வென்றதைப் பாடுகிறார். யாருக்கு எவ்வளவு பலம் என்று சொல்லிவிட்டு அவர் நிறுத்திக்கொள்ளவில்லை. சோழனின் ஒரு கால் மார்பை அழுத்தியது, இன்னொரு கால் மல்லன் செய்யவந்த உபாயத்தைத் தடுத்துப் பின்பக்கம் போனது என்று இரண்டு கால்களின் இடத்தையும் தனித்தனியே குறித்துவைக்கிறார். ஆட்டத்தை இப்படிப் பார்க்கத் தெரிந்த கண் இரண்டாயிரம் வருடத்துக்கு முன்பே இங்கே இருந்தது என்பதில் இந்தப் பத்தியாளருக்குப் பெரிய சந்தோஷம்.

இனி, விளையாட்டாக எடுத்துக்கொள்ளவே முடியாத விஷயம். கையைப் பூட்டினால் வலி முதலில் வரும், சேதம் பிறகு வரும். தட்ட நேரம் இருக்கும். ஹீல் ஹூக்கில் அந்த இடைவெளி கிட்டத்தட்ட இல்லை. வலிக்கிறதே என்று தோன்றும்போது தசைநார் போயிருக்கலாம். பயந்து தவறான பக்கம் உருண்டால் தன் முழங்காலைத் தானே முறித்துக்கொள்ளலாம். பிரேசிலின் ரூசிமார் பால்ஹாரெஸ் 2013 அக்டோபரில் மைக் பியர்ஸைத் தோற்கடித்த கையோடு, கலப்புச் சண்டை அமைப்பான யுஎஃப்சி அவரை நீக்கியது. நடுவர் நிறுத்திய பிறகும் குதிகாலை விடாததுதான் காரணம். திறமையில் அவருக்கு ஒரு குறையும் இல்லை. இருந்தும் அவர் பெயரைச் சொன்னால் இன்றைக்கும் முதலில் நினைவுக்கு வருவது அந்த விடாத பிடிதான்.

உலக அளவில் ஆடுகிறவருக்குப் பின்னால் மருத்துவக் குழு இருக்கும். ஜைல்ஸே பிசியோதெரபிஸ்ட், முழங்கால் வலியை ஆராய்ந்து முனைவர் பட்டம் வாங்கியவர். நம் ஊர்க்காரருக்கு அப்படி இல்லை. முழங்கால் தசைநார் அறுந்தால் பல மாதம் மேட் பக்கமே வர முடியாது. அது மட்டுமா? தாம்பரம் ஸ்டேஷன் நடைமேம்பாலத்தின் படிகளைக் காலையும் மாலையும் ஏறி இறங்க வேண்டும். வேளச்சேரி ரோட்டு சிக்னலில் பைக்கை நிறுத்திக் காலூன்ற வேண்டும். பிழைப்பே அந்தக் காலில் நிற்கிறது.

அதனால் முகாமில் கவனிக்க வேண்டிய இன்னொன்று, அங்கே தட்டும் பழக்கம் எப்படி இருக்கிறது என்பது. நல்ல இடங்களில் முழங்கால் கோடு பூட்டப்பட்டு, குதிகால் முன்கையில் உட்கார்ந்ததுமே ஆட்டம் முடிந்ததாக வைத்துக்கொள்வார்கள். திருகுவதே கிடையாது. பிடித்தவர் நிறுத்துவார், மாட்டியவர் தட்டுவார், மறுபடி ஆரம்பம். நாலாம் நாள் சாயங்காலம் உடம்பு களைத்து, கண் சொருகும் நேரத்தில் புது ஆளோடு வேகமாக ரோல் பண்ணாமல் உட்கார்ந்துகொள்வதும் பயிற்சிதான். முகாமின் கடைசி நாளில் நொண்டிக்கொண்டு விமானம் ஏறுவதில் பெருமை எதுவும் இல்லை.

திரும்பி வந்த பிறகு என்ன நடக்கிறது என்பதில்தான் பெரும்பாலானவர்களின் முகாம் வீணாகிறது. முதல் வாரம் ஊர் நண்பர்கள் எல்லோரும் சுலபமாக விழுவார்கள். அவர்களுக்குத்தான் கால் தற்காப்பு தெரியாதே. அந்த வெற்றி ஏமாற்றும். இரண்டு மாதத்தில் அவர்கள் குதிகாலை ஒளிக்கப் பழகிவிட, வந்தவர் பழைய ஆட்டத்துக்கே திரும்பிவிடுவார். இதற்கு ஒரே வழி, கற்றதை அன்றைக்கே அவர்களுக்கும் சொல்லிக்கொடுப்பது. முதலில் தப்பிக்கும் வழியை, பிறகு பிடிக்கும் வழியை. எதிரே இருப்பவர் நன்றாகத் தப்பிக்கத் தெரிந்தவராக இருந்தால்தான் நம் பிடி வளரும். டனஹரின் நிலவறையில் நடந்தது அதுதான். ஒருவர் கண்டுபிடித்த பிடிக்கு மற்றவர் அந்த வாரமே மாற்று கண்டுபிடித்தார்.

எத்தனை பேரைத் தட்டவைத்தோம் என்ற கணக்கையும் விட்டுவிடலாம். சேலையூரிலோ குரோம்பேட்டையிலோ வகுப்பு முடிந்து விளக்கணைக்கும் முன் பத்து நிமிடம் கிடைத்தாலும் போதும். இரண்டு பேர், ஒரு போன் டைமர், ஒரு நோட்டு. அஷி கராமியில் உட்கார்ந்து, குதிகாலைத் தொடாமல் இரண்டு நிமிடம். மணி அடித்ததும் முழங்கால் எத்தனை முறை வெளியே போனது என்பதை மட்டும் எழுதிக்கொண்டு, இடது காலுக்கு மாறி மறுபடி உட்கார வேண்டியதுதான்.