கமலாம்பாள் சரித்திரத்தில் அபவாதம்: தலைப்பும் கதைப்போக்கும்

பி.ஆர். ராஜமையரின் நாவல் 1893 முதல் 1895 வரை விவேக சிந்தாமணி இதழில் தொடராக வெளிவந்தபோது ‘ஆபத்துக்கிடமான அபவாதம் அல்லது கமலாம்பாள் சரித்திரம்’ என்ற இரட்டைத் தலைப்பைக் கொண்டிருந்தது. 1896இல் அது நூலாயிற்று. பின்னர் ‘அல்லது’ என்பதற்கு முன்னிருந்த பகுதி வழக்கிலிருந்து உதிர்ந்து, பின்பகுதி மட்டுமே நின்றது. இலக்கிய வரலாற்று நூல்களும் பாடத்திட்டங்களும் அதனையே வழங்குகின்றன. 1998இல் ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் இந்நாவலை ஆங்கிலத்தில் பெயர்த்தபோது உதிர்ந்துபோன முன்பகுதியையே தலைப்பாக்கினார். இத்தேர்வு நாவலை வாசிக்கும் முறையைப் பற்றிய ஒரு விமர்சனமாகவும் கொள்ளத்தக்கது. தமிழில் அதற்குரிய கவனம் கிட்டவில்லை.

மதுரை மாவட்டத்துச் சிறுகுளம் என்னும் ஊரில் நிகழும் இல்லறக் கதை இது. முத்துஸ்வாமி ஐயர் – கமலாம்பாள் தாம்பத்தியம், தம்பி சுப்பிரமணிய ஐயரின் மனைவி பொன்னம்மாளின் பொறாமை, லட்சுமி – ஸ்ரீநிவாசன் திருமணம், மகன் நடராஜன் காணாமற்போதல், செல்வத்தின் இழப்பு, இறுதியில் மனைவியின் மீது எழும் பழி என்று அது விரிகிறது. முற்பகுதியின் நகைச்சுவையும் பேச்சுமொழியும் பெரிதும் போற்றப்பட்டுள்ளன. ஆடுசாபட்டி அம்மையப்ப பிள்ளையைப் பற்றி எழுதாத திறனாய்வாளர் அரியர். பிற்பகுதியோ வேதாந்தச் சாய்வால் தளர்ந்ததென்று குறைகூறப்படும். இருபகுதிகளையும் இவ்வாறு பிரித்து மதிப்பிடும் வழக்கம், அவற்றை இணைக்கும் கண்ணியான அபவாதத்தைக் காணாமல் விட்டுவிடுகிறது.

ஊர்ப்பெண்கள் கூடி வம்பளக்கும் காட்சிகளுக்கு ராஜமையர் ‘வம்பர் மகாசபை’ என்று பெயர் சூட்டுகிறார். ‘மகாசபை’ என்பது அக்காலத்தில் புதுப் பொலிவு பெற்றிருந்த சொல். காங்கிரஸ் 1885இல் தோன்றியது. அதன் கூட்டம் 1887இலும், தொடர் வெளிவந்துகொண்டிருந்த 1894இலும் சென்னையில் நடைபெற்றது. ஆசிரியர் அதனைக் குறித்தே எழுதினார் என்று துணிய வேண்டுவதில்லை. ஆயினும் பொதுவெளியின் சொல் ஒன்றை நீர்த்துறைப் பேச்சுக்குச் சூட்டும்போது நகை மட்டும் விளைவதில்லை. அப்பேச்சுக்குச் சபைக்குரிய அதிகாரமும் உண்டு என்பது உணர்த்தப்படுகிறது. அச்சபையில் வாதி, சாட்சி, நீதிபதி அனைவரும் ஒருவரே. குற்றம் சாட்டப்பட்டவருக்கு மட்டும் அங்கே இடமில்லை. முற்பகுதியில் வாசகர் எதனைக் கேட்டுச் சிரித்தாரோ, அத்தகைய பேச்சே பிற்பகுதியில் ஒரு குடும்பத்தைக் குலைக்கிறது. எனவே வம்புக் காட்சிகளை இடைச்செருகலான நகைச்சுவை என்பது பொருந்தாது. கதையின் விசை அங்கேயே இருக்கிறது.

இங்கு ஒரு சிக்கல் எழுகிறது. வம்பு பேசுவோர் பெண்களாகவும் அதனால் நகைப்புக்கு உரியோராகவும் சித்திரிக்கப்படுகின்றனர். அவ்வம்பை நம்பி மனைவியைத் துறந்து செல்பவரோ கல்வியும் பண்பும் உடைய முத்துஸ்வாமி ஐயர். அவர்மீது ஆசிரியரின் நகை படிவதில்லை, இரக்கமே படிகிறது. பரப்பிய நாவுக்கு ஏளனம், நம்பிய செவிக்கு ஞானம் என்ற இப்பங்கீடு நாவலுக்குள் கேள்விக்கு உள்ளாவதேயில்லை. அபவாதம் ‘ஆபத்துக்கிடமான’தாக ஆவது அது பேசப்படும்போது அன்று, கணவன் அதனை ஏற்கும்போதுதான் என்பதைக் கதையமைப்பே காட்டுகிறது. கதைசொல்லியின் தொனி அதனை ஒப்புக்கொள்ளவில்லை.

நாவலின் முடிவில் ராஜமையர் தம் நோக்கத்தை வெளிப்படையாகக் கூறுகிறார்: கதை சொல்வது மட்டும் கருத்தன்று, துன்பத்தில் உழன்ற ஓர் ஆத்மா அமைதி அடைந்ததைக் காட்டுவதே கருத்து என்பது அதன் சாரம். 1896இல் பிரபுத்த பாரத இதழின் ஆசிரியப் பொறுப்பை ஏற்று, 1898இல் இருபத்தாறு வயதில் மறைந்த ஒருவரின் நாட்டத்தை நோக்க, இக்கூற்றை வெறும் சம்பிரதாயமாகக் கொள்ள இயலாது. ஆயின் அந்த ஓர் ஆத்மா யாருடையது? முதல் தலைப்பு பழியைச் சுட்டுகிறது. இரண்டாம் தலைப்பு பழிசுமந்த பெண்ணைச் சுட்டுகிறது. முடிவுரை கணவனின் அகப்பயணத்தைச் சுட்டுகிறது. ஒரே நூலுக்குள் மையம் மும்முறை இடம்பெயர்கிறது. கமலாம்பாள் படும் துயர் கணவன் பக்குவமடைவதற்கான ஏதுவாகச் சுருங்கிவிடுகிறது. சிதம்பரமும் சச்சிதானந்த சுவாமிகளும் அவருக்கு வழிகாட்டுகின்றனர். அவளுக்கு மிஞ்சுவது காத்திருப்பு.

பழி தோன்றிய ஊரிலேயே அது விசாரணைக்கு உள்ளாகவில்லை என்பதும் குறிக்கத்தக்கது. சிக்கல் தெருவிலும் துறையிலும் முளைத்தது. தீர்வு தலங்களிலும் குருவின் சொல்லிலும் தேடப்படுகிறது. பிற்பகுதி தளர்வாகத் தோன்றுவதற்கு வேதாந்தம் காரணமன்று. சமூகத்தில் பிறந்த வழக்கொன்று தீர்ப்பு வழங்கப்படாமலே வேறு மன்றத்துக்கு மாற்றப்பட்டதே காரணம். வேதாந்த அறிவுடையோர் இதனை மறுத்து, பழியும் புகழும் பொய்யென்று காட்டுவதே உயர்ந்த தீர்ப்பு என்று வாதிடலாம். அவ்வாதம் முத்துஸ்வாமி ஐயரளவில் செல்லும். இல்லத்தில் தனித்து விடப்பட்டவளுக்கு அது மறுமொழியாகாது.

ராஜமையர் பிறந்த 1872இலேயே பிறந்தவர் அ. மாதவையா. அவருடைய பத்மாவதி சரித்திரத்திலும் மனைவியின் மீது கணவன் கொள்ளும் ஐயம் கதையின் திருப்பமாகிறது. அங்கே ஐயுறும் நாராயணன் ஆங்கிலக் கல்வி பெற்ற இளைஞன். நீர்த்துறைச் சபையின் நிழலில் வாழ்பவன் அல்லன். தமிழின் தொடக்ககால நாவல்கள் இரண்டு, கற்ற ஆணின் ஐயத்தையே இல்லறத்தின் பெருநெருக்கடியாகக் கண்டுள்ளன. அவ்வாறாயின் சிறுகுளத்துப் பெண்களின் நாவின்மீது மட்டும் பழியைச் சுமத்தும் வாசிப்பு, மகாசபையின் தீர்ப்பை மீண்டும் ஒருமுறை வழிமொழிவதாகவே அமையும்.