மாருத் மாதிரியின் வண்ணப் பூச்சு

சேலத்தில் ஒரு பள்ளிக் கண்காட்சியில் மாருத் போர் விமானத்தின் மாதிரியைக் கண்டேன். 1961இல் முதன்முதலாகப் பறந்து, 1971 போரிலும் பங்கேற்ற இந்தியத் தயாரிப்பு இது. சுமார் 16 மீட்டர் நீள விமானத்தை 72இல் ஒரு பங்காக, 22 சென்டிமீட்டருக்குச் சுருக்கிய மாணவரின் கைத்திறனில் குறையில்லை. குறை வண்ணத்தில்தான்.

உடற்பகுதியில் அக்ரிலிக் வண்ணத்தைத் தூரிகையால் தடிப்பாகப் பூசியிருக்கிறார். 0.1 மில்லிமீட்டர்ப் பூச்சை 72 மடங்கு பெருக்கிப் பாருங்கள்: 7.2 மில்லிமீட்டர்! எந்த விமானம் இத்தனை கனமான சட்டை அணியும்? தகடுகளின் இணைப்புக் கோடுகள் மறைந்தே போயின. பளபளப்பும் பொருந்தவில்லை. நாமக்கல் லாரிக்கு அது அழகு. கண்ணில் படாமல் பறக்க வேண்டிய போர் விமானத்திற்கு மங்கலான பூச்சே தகும்.

இறக்கைகளுக்கு மட்டும் ஏர்பிரஷ் என்னும் காற்றுத் தெளிப்பானைப் பயன்படுத்தியிருக்கிறார். அங்கே உப்புத்தாள் போன்ற சொரசொரப்பு. "மட்டமான வண்ணம் சார்" என்றார். நான் ஒப்பவில்லை. அக்ரிலிக் வண்ணம் நீரில் கலந்தது. துளி சிறுக்கச் சிறுக்க, அதன் பருமனை நோக்கப் பரப்பு மிகுகிறது. நீர் விரைந்து ஆவியாகிறது. நம் சித்திரை வெயிலில் துளிகள் வழியிலேயே உலர்ந்து தூளாகப் படிந்துவிட்டன. வண்ணத்தைப் பால் பதத்திற்கு நீர்க்கச் செய்து, காற்றழுத்தத்தைக் குறைத்து, சற்று நெருங்கிப் பிடித்து, விடியற்காலையில் தெளித்திருந்தால் இதே வண்ணம் வழவழப்பாகப் படிந்திருக்கும்.