மொஸ்தாரில் பாலம் கட்டினார்கள், சரி. பள்ளிக்கூடம்?

போஸ்னியாவின் மொஸ்தார் பாலத்தைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். 1566-ல் ஒட்டோமான்கள் காலத்தில் கட்டியது. 1993 நவம்பர் 9 அன்று போஸ்னியக் குரோஷியப் படை சுட்ட குண்டுகளில் ஆற்றுக்குள் விழுந்தது. யுனெஸ்கோ, உலக வங்கி, துருக்கி, இத்தாலி என்று பலர் கைகொடுக்க, 2004 ஜூலையில் மறுபடி திறந்தார்கள். அதே தெனெலியா கல், அதே வளைவு. அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

என் சண்டை பள்ளிக்கூடத்தோடு. அதே 2004-ல் அந்த ஊர் ஜிம்னாசியம் பள்ளியை சர்வதேச அமைப்புகள் முன்நின்று "ஒன்றிணைத்தன". எதை? நிர்வாகத்தை மட்டும். குரோஷியப் பிள்ளைகளுக்கு ஒரு பாடத்திட்டம், போஸ்னியாக் பிள்ளைகளுக்கு இன்னொன்று. மொழி, வரலாறு எல்லாம் தனித்தனி. ரெண்டு சாஃப்ட்வேரை ஒரே சர்வர்ல போட்டுட்டு இணைச்சாச்சுன்னு சொன்னா எங்க ஆபீஸ்ல சிரிப்பாங்க.

நிதி கொடுத்தவர்களை மட்டும் திட்டவும் முடியாது; போருக்குப் பிந்தைய அமைப்பில் அங்கே கல்வி மத்திய அரசிடம் இல்லை, கான்டன்களிடம். ஆனால் அது தெரிந்தேதானே ஒன்றிணைப்பு என்று பெயர் வைத்தார்கள்?

அங்கே களப்பணி செய்த மானுடவியலாளர் அஸ்ரா ஹ்ரோமாஜிச் எழுதியதைப் படித்தபோதுதான் எனக்கு உறைத்தது. இரு தரப்புப் பிள்ளைகளும் கலந்து பழகிய இடம் பள்ளிக் கழிப்பறை! இடைவேளையில் சிகரெட் பிடிக்கப் போய், அப்படியே பேச்சு. எந்தத் திட்ட அறிக்கையிலும் இல்லாத ஒத்துழைப்பு.

2006-ல் அதே கட்டடத்தில் ஒரு சர்வதேசக் கல்லூரியும் வந்தது. அங்கே எல்லாத் தரப்பும் ஒரே வகுப்பில். நல்ல விஷயம்தான். என்ன, பாடம் ஆங்கிலத்தில்.