தண்டமும் சான்றும்: கல்வராயன் மலை நிலவழக்கில் 'ஆக்கிரமிப்பு' என்னும் சொல்

ஆட்சித் தமிழ் பற்றிய நம் ஆய்வுகள் பெரும்பாலும் கலைச்சொல்லாக்கத்தோடு நின்றுவிடுகின்றன. 1956ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டத்திற்குப் பின், ஆங்கிலச் சொல்லுக்கு ஈடான தமிழ்ச்சொல் கிடைத்ததா என்பதே கேள்வியாக இருந்து வந்துள்ளது. கிடைத்த சொல் அலுவலகத்தில் என்ன வேலை செய்கிறது என்பது அரிதாகவே ஆராயப்பட்டது. கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் கல்வராயன் மலையின் நிலச்சொற்களைப் படிப்போர் இக்கேள்வியைத் தவிர்க்க இயலாது.

இம்மலையில் ஜாகீர் முறை 1976இல்தான் முடிவுக்கு வந்தது. தலைமுறைகளாக உழுதுவந்த மலையாளிப் பழங்குடியினர் அதன் பின்னரே பட்டா, புறம்போக்கு என்னும் அரசுச் சொற்களுக்குள் முழுமையாக வந்தனர் எனலாம். அச்சொற்களுள் கடுமையானது 'ஆக்கிரமிப்பு'. அதன் ஆங்கில மூலம், எல்லை தாண்டிச் சிறிது சிறிதாக நகர்வதைக் குறிப்பது. தமிழிலோ நாடு பிடிக்கும் படையின் செயலுக்கும் இதே சொல்தான். மொழிபெயர்ப்பிலேயே குற்றத்தின் எடை கூடிவிட்டது.

1905ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டத்தின்கீழ்ப் புறம்போக்கில் பயிரிடுவோருக்கு வருவாய்த்துறை அளிக்கும் அறிவிப்பு, தமிழகம் எங்கும் 'பி மெமோ' என்றே வழங்குகிறது. அலுவலகக் கணக்கில் அது தண்டம். உழவர் வழக்கிலோ 'பி மெமோ இருக்கு' என்றால், நிலம் தம் அனுபவத்தில் உள்ளது என்பதற்குச் சான்று. இதனை அறியாமை என்று ஒதுக்குவது பொருந்தாது. தண்டம் விதிக்க வேண்டுமானால், இன்னார் இன்ன ஆண்டில் இந்நிலத்தில் இருந்தார் என்று அலுவலகமே எழுதியாக வேண்டும். மக்கள் தாளின் அந்தப் பாதியைப் படிக்கிறார்கள், அவ்வளவே.

வனநிலத்தைப் பொறுத்தவரை, 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் இவ்வாசிப்புக்கு நெருங்கி வருகிறது. 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்தே பழங்குடியினரின் அனுபவத்தில் உள்ள நிலத்தை அது உரிமையாக ஏற்கிறது. உரிமை கோரலைச் சரிபார்த்து முடிக்கும்வரை வெளியேற்றத்தையும் தடுக்கிறது. அதன் 13ஆம் விதி, அரசு ஆவணங்களோடு, கோருபவரல்லாத ஊர்ப் பெரியவர்கள் கூறி எழுத்தில் பதிவான வாக்குமூலத்தையும் சான்றாகக் கொள்கிறது. ஆனால் எழுதுபவர் யார்? 'பாட்டன் காலத்துலேருந்து உழுதுக்கிட்டு வர்றாங்க' என்று பெரியவர் சொல்வதை, 'ஆக்கிரமித்துப் பயிரிட்டு வருகின்றனர்' என்று எழுத்தர் பதிந்தால், சான்றாக வந்த வாக்குமூலம் குற்றப் பதிவாகத் திரிந்துவிடும். வன உரிமைக் கோப்புகளை ஆயும் மொழியியலார் இவ்வாக்குமூலங்களின் வினைச்சொற்களிலிருந்தே தம் பணியைத் தொடங்க வேண்டும்.