காட்டேரி வருவதற்கு முன்

'டார்க் ஷேடோஸ்' பார்க்கப் போகிறேன் என்று யாரிடம் சொன்னாலும் ஒரே அறிவுரைதான் கிடைக்கும். "மொதல் 209 எபிசோட விட்டுடுங்க. 210-ல இருந்து பாருங்க."

காரணம் தெரிந்ததுதான். 1967 ஏப்ரலில் ஒளிபரப்பான 210வது எபிசோடில், புதையல் ஆசை பிடித்த வில்லி லூமிஸ் என்பவன் ஒரு குடும்பக் கல்லறைக்குள் நுழைந்து, சங்கிலி கட்டிய சவப்பெட்டியைத் திறக்கிறான். உள்ளேயிருந்து ஒரு கை நீண்டு அவன் கழுத்தைப் பிடிக்கிறது. அடுத்த எபிசோடில் பர்னபாஸ் காலின்ஸ் என்ற இரத்தக்காட்டேரி, இங்கிலாந்திலிருந்து வந்த தூரத்து உறவினன் என்று சொல்லிக்கொண்டு வாசல்கதவைத் தட்டுகிறான். அதோடு, மூடுவிழாவுக்குக் காத்திருந்த ஒரு நாடகம் அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகள் மணியடித்ததும் வீட்டுக்கு ஓடிவந்து பார்க்கும் நாடகமாக மாறிவிட்டது. மறு ஒளிபரப்புக்கு விற்றபோதுகூட பர்னபாஸ் வரும் இடத்திலிருந்துதான் விற்றார்கள். அதற்கு முன்னால் இருந்தவை பிற்காலத்தில் தனித் தொகுப்பாக வந்தன, ஏதோ மறந்து போன முன்னுரை மாதிரி.

நானும் பத்து வருடங்களுக்கு முன் அந்த அறிவுரையைக் கேட்டு நடந்தவன்தான். இந்த முறை முதலிலிருந்து, ஒன்றையும் தாண்டாமல் பார்த்தேன். விளம்பரம் போக ஒவ்வொன்றும் இருபது நிமிடத்துக்குச் சற்று அதிகம். மொத்தம் 70 மணி நேரத்துக்கு மேல். அம்மா பகலில் கூட உட்கார்ந்து பார்த்தார். அவருக்கு ஆங்கிலம் ஓரளவு புரியும், கறுப்பு வெள்ளை என்றால் பிடிக்கும், வேலை எதுவும் ஓடாத கதை என்றால் இன்னும் பிடிக்கும். "எந்திரிச்சுப் போய் சோத்த வடிச்சிட்டு வந்தாலும் அங்கேயேதான் நிக்கிறாங்க," என்றார் மூன்றாம் நாளே. இந்தத் தொடருக்கு இதைவிடத் துல்லியமான ஒரு விமர்சன வாக்கியத்தை நான் எழுதிவிட முடியாது.

முதல் எபிசோட் 1966 ஜூன் 27-இல் ஏபிசி தொலைக்காட்சியில் வந்தது. இரவு நேர ரயில். ஜன்னலோரத்தில் ஓர் இளம்பெண். இந்தக் காட்சி தனக்கு ஒரு கனவில் வந்தது என்று தயாரிப்பாளர் டான் கர்ட்டிஸ் பிற்காலத்தில் பல முறை சொல்லியிருக்கிறார். கனவுக்கு உடம்பும் எலும்பும் கொடுத்தவர் ஆர்ட் வாலஸ் என்ற எழுத்தாளர். பெண்ணின் பெயர் விக்டோரியா விண்டர்ஸ். அநாதை இல்லத்தில் வளர்ந்தவள். கைக்குழந்தையாக ஒரு பெட்டியில் வைத்து, பெயர் விக்டோரியா என்று எழுதிய ஒரு துண்டுச்சீட்டோடு வாசலில் விட்டுப் போயிருக்கிறார்கள். குளிர்காலமாக இருந்ததால் இல்லத்தார் 'விண்டர்ஸ்' என்று சேர்த்துக்கொண்டார்கள். பின்பு மாதம் 50 டாலர் தபாலில் வரத் தொடங்கியது. அனுப்பியவர் பெயர் கிடையாது, பேங்கோர் என்ற ஊரின் முத்திரை மட்டும். இப்போது அதே மேய்ன் மாநிலத்தில், காலின்ஸ்போர்ட் என்ற மீன்பிடி ஊரிலிருந்து, முன்பின் தெரியாத ஒரு பணக்கார அம்மாள் ஒன்பது வயதுப் பையனுக்கு வீட்டு ஆசிரியையாக வரச்சொல்லிக் கடிதம் போட்டிருக்கிறார். ஏன் என்னை? இந்தக் கேள்வியோடுதான் அவள் ரயிலில் உட்கார்ந்திருக்கிறாள்.

கோத்திக் கதைகள் படித்தவர்களுக்கு இதெல்லாம் பழகிய சாமான்கள். பெரிய வீடு, ஏழை ஆசிரியை, பூட்டிய அறை. 'ஜேன் அயர்' தொடங்கி வைத்த பாதை. ஊர்க் காப்பிக்கடையில் பரிமாறும் மேகி எவன்ஸ், அந்த வீட்டுக்கா போகிறாய், நீ ஒரு மடச்சி என்கிற தொனியில் பேசுவது உட்பட எல்லாமே எதிர்பார்த்ததுதான். ஆனால் ஒரு நாவல் முந்நூறு பக்கத்தில் முடிந்துவிடும். இது வாரம் ஐந்து நாள், அரைமணி நேரம், முடிவே இல்லாமல் ஓட வேண்டிய பகல் நாடகம். அப்போது பூட்டிய அறை என்ன ஆகும்? பூட்டியே கிடக்கும். மாதக்கணக்கில்.

எலிசபெத் காலின்ஸ் ஸ்டாடர்ட் அந்த வீட்டை விட்டு 18 வருடமாக வெளியே காலெடுத்து வைத்ததில்லை. அவராக நடித்தவர் ஜோன் பென்னட். ஃபிரிட்ஸ் லாங் படங்களில் ஆண்களை அழித்த அழகி. 1951-இல் அவர் கணவர், தயாரிப்பாளர் வால்டர் வாங்கர், சந்தேகத்தில் பென்னட்டின் ஏஜெண்டைத் துப்பாக்கியால் சுட்டார். ஏஜெண்ட் பிழைத்துக்கொண்டார். சுட்டது கணவர், சினிமா வாய்ப்புகள் போனது பென்னட்டுக்கு. பதினைந்து வருடம் கழித்து அந்த முகம் ஒரு ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் நின்று வெளியே பார்க்கிறது. இதையெல்லாம் தெரிந்துகொண்டு பார்க்க வேண்டியதில்லைதான். தெரிந்தபின் பார்க்காமல் இருக்க முடியவில்லை. பென்னட் பெரிதாக எதையும் செய்வதில்லை. கழுத்துச் சங்கிலியை ஒரு விரலால் தொடுவார். அவ்வளவுதான். அதற்குள் ஒரு சாவிக்கொத்தின் கனம் இருக்கிறது.

அவருடைய தம்பி ரோஜர். லூயிஸ் எட்மண்ட்ஸின் நடிப்பு இந்த ஆரம்ப எபிசோடுகளின் பெரிய பரிசு. தன் சொந்த மகன் டேவிட்டை வெறுக்கும் தகப்பன். மறைத்து வைக்கிற வெறுப்பு அல்ல, சாப்பாட்டு மேசையில் பிராந்தி ஊற்றிக்கொண்டே சொல்கிற வெறுப்பு. பையன் சும்மா இருப்பானா? அப்பாவின் கார் பிரேக்கிலிருந்து ஒரு வால்வைக் கழற்றிவிடுகிறான். கார் மலைச்சரிவில் கட்டுமீறிப் போகிறது, ரோஜர் தப்பித்துவிடுகிறார். 1966-இல் பகல் நேரத்தில், சமையலறை வேலைக்கு நடுவே பார்க்கும் நாடகத்தில், ஒரு சிறுவன் தகப்பனைக் கொல்லத் திட்டம் போடுகிறான். இதில் பேயும் இல்லை பிசாசும் இல்லை. பின்னால் வந்த ஓநாய் மனிதனும் சூனியக்காரியும் டேவிட் ஹெனெஸி என்ற அந்தச் சிறுவனின் முகத்தில் பாதி பயத்தைக்கூட எனக்குத் தரவில்லை.

சலிப்பான பகுதி இல்லையா என்றால், இருக்கிறது. பேனா.

பத்து வருடத்துக்கு முன் தான் செய்யாத விபத்துக் கொலைக்காகச் சிறைக்குப் போன பர்க் டெவ்லின், பணக்காரனாகத் திரும்பி வந்திருக்கிறான். உண்மையில் காரை ஓட்டியது ரோஜர். பர்க் தன் வேலைப்பாடு மிகுந்த வெள்ளிப் பேனாவை ரோஜரின் அக்கா மகள் கேரலினுக்குக் கொடுக்கிறான். ரோஜர் திருப்பிக் கொடுப்பதாக வாங்கி, பில் மல்லாய் என்பவர் செத்துப்போன இரவில் தொலைத்துவிடுகிறார். விக்டோரியா அதைக் கடற்கரையில் கண்டெடுக்கிறாள். ரோஜர் திருடுகிறார். புதைக்கிறார். அந்தப் பேனா எங்கே என்று ஆறேழு பேர், நாற்காலி மாற்றி மாற்றி உட்கார்ந்து, வாரக்கணக்கில் பேசுகிறார்கள். நேற்று சொன்னதை இன்று பார்ப்பவர்களுக்காக மறுபடி சொல்கிறார்கள். ரசிகர்கள் இன்றைக்கும் பேனா என்றால் சிரிக்கிறார்கள். அம்மா அந்த வாரத்தில் எழுந்து போனவர் இரண்டு நாள் வரவில்லை. நான் நியாயப்படுத்தப் போவதில்லை. அது மோசமான எழுத்து.

ஆனால் 'மெதுவாக இருக்கிறது' என்ற ஒரே பையில் பேனாவையும் மற்றவற்றையும் சேர்த்துப் போடுவதுதான் தவறு. பேனா, கதை இல்லாததால் வந்த மெதுவு. நள்ளிரவில் கீழ்த்தளத்திலிருந்து ஒரு பெண் அழும் சத்தம் கேட்கிறது. விக்டோரியா மெழுகுவத்தியோடு இறங்குகிறாள், கதவு பூட்டியிருக்கிறது, அழுகை நின்றுவிடுகிறது, மறுநாள் எல்லோரும் 'காற்றாக இருக்கும்' என்கிறார்கள். இந்த மெதுவு வேறு. இது ஒரு வீட்டில் பல வருடமாக எல்லோரும் சேர்ந்து ஒரு விஷயத்தைப் பேசாமல் இருப்பதன் வேகம். அந்த வேகத்தைக் காட்ட 70 மணி நேரம் தேவைப்படுகிறது.

பேய்கூட அப்படித்தான் வருகிறது. 70வது எபிசோடில் பாழடைந்த பழைய வீட்டில், ஜோசெட் என்ற பெண்ணின் ஓவியம் மெல்ல ஒளிர்கிறது. அதிலிருந்து ஒரு வெள்ளை உருவம் இறங்கி, வெளியே தூண்களுக்கிடையே சுற்றுகிறது. மூன்று மாதம் காத்திருந்த பிறகு தொடரில் வந்த முதல் பேய். அதைக் கதையில் உள்ள ஒருவரும் பார்க்கவில்லை. எல்லோரும் போய்விட்டார்கள். நாம் மட்டும்தான் பார்க்கிறோம். பிற்பாடு காட்டேரி வந்ததும் பேய் என்பது வேலை செய்யும் ஒன்றாகிவிட்டது. சாபம் கொடுக்கும், பழி வாங்கும், கதையைத் தள்ளும். இங்கே அது சும்மா இருக்கிறது. குடியிருக்கிறது.

ஒளிப்பதிவு நாடாவை வெட்டி ஒட்டுவது செலவு என்பதால் பிழைகளையும் அப்படியே விட்டார்கள். மைக்கின் நிழல் சுவரில் நகரும், நடிகர்கள் வசனம் மறந்து திணறுவார்கள். பர்னபாஸ் காலத்தில் இது கேலிப்பொருள் ஆனது. ஆரம்பத்தில் எனக்கு அது உறுத்தவில்லை. எல்லோரும் எதையோ மறைக்கும் வீட்டில் ஒருவர் பேச்சுக்கு நடுவே தயங்கினால் அது பிழையா நடிப்பா என்று எப்படிச் சொல்வது? அலெக்ஸாண்ட்ரா மோல்ட்கேயின் விக்டோரியா 'எனக்குப் புரியவில்லை' என்று திரும்பத் திரும்பச் சொல்வதையும் நிறையக் கிண்டல் செய்திருக்கிறார்கள். அவளுக்கு நிஜமாகவே யாரும் எதையும் சொல்லவில்லை. வேறு என்ன சொல்வாள்?

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். என் பாட்டி, அம்மாவின் அம்மா, சீனக் குழந்தை. கோல சிலாங்கூர் பக்கத்தில் ஒரு தோட்டத்தில், பால்வெட்டுக் குடும்பம் ஒன்று எடுத்து வளர்த்தது. இந்த மண்ணில் அது அபூர்வமான கதை இல்லை, நம்மில் பல வீடுகளில் ஒரு பாட்டியோ அத்தையோ இப்படி இருப்பார்கள். பாட்டி தமிழ்தான் பேசினார், மாரியம்மனுக்குத்தான் தீச்சட்டி எடுத்தார். யார் கொடுத்தார்கள், ஏன் கொடுத்தார்கள் என்று கேட்டால், "எடுத்தவங்கதான் ஆத்தா அப்பன்," என்று முடித்துவிடுவார். பிறந்த தேதி அவருக்குத் தெரியாது. அடையாள அட்டையில் இருந்தது யாரோ குத்துமதிப்பாக எழுதியது. அதனால் அந்தத் துண்டுச்சீட்டையும் குளிர்காலத்தால் வந்த பெயரையும் கேட்டதும் அம்மா ரிமோட்டை எடுத்து நிறுத்தி, "திரும்பப் போடு," என்றார்.

தொடர் இந்தக் கேள்வியை எப்படி நடத்தியது என்பதில்தான் என் கோபம். நடுவில் ஒரு தடயம் வருகிறது. ஓவியர் சாம் எவன்ஸ் வீட்டில் ஒரு பழைய படம், விக்டோரியாவை உரித்து வைத்த முகம். பெட்டி ஹான்ஸ்கோம்ப் என்ற பெண்ணாம், இறந்துவிட்டாளாம். நாலைந்து உரையாடல், அதோடு சரி. எலிசபெத்தான் தாய் என்று நினைக்க வைக்கும் பார்வைகள் நிறைய. ஆனால் யாரும் வாய் திறப்பதில்லை. பர்னபாஸ் வந்ததும் கேள்வியே காணாமல் போனது. 1968-இல் கர்ப்பமாக இருந்த மோல்ட்கே விலகினார். அந்தப் பாத்திரத்தில் வேறு இருவரைப் போட்டுப் பார்த்துவிட்டு, விக்டோரியாவை 18ஆம் நூற்றாண்டுக்கு அனுப்பிக் கணக்கை முடித்தார்கள். 1971 ஏப்ரல் வரை, ஆயிரத்து இருநூறுக்கு மேற்பட்ட எபிசோடுகள் ஓடியும் அவள் பெற்றோர் யார் என்று தொடர் சொல்லவே இல்லை. 2012-இல் டிம் பர்ட்டன் எடுத்த படத்தில் இன்னும் மோசம். அதில் விக்டோரியா விண்டர்ஸ் என்பதே மேகி எவன்ஸ் தனக்கு வைத்துக்கொண்ட பொய்ப்பெயர்.

இதையெல்லாம் மீறி அவளுக்கு ஒரு வெற்றி உண்டு. அது 210-க்கு முன்னால்தான் நடக்கிறது. ரோஜரின் மனைவி லாரா திரும்பி வருகிறாள், பையன் வேண்டும் என்கிறாள். அவள் நூறு வருடத்துக்கு ஒரு முறை நெருப்பில் எரிந்து மீண்டும் பிறக்கும் ஃபீனிக்ஸ். எரியும்போது பிள்ளையையும் சேர்த்து அழைத்துப்போவாள். 191வது எபிசோடில் கடலோரக் குடிசை பற்றி எரிகிறது. உள்ளே பெற்ற தாய் வா வா என்கிறாள். வெளியே, ஜன்னல் பக்கம், மாதக்கணக்காக அவன் வெறுத்த, அறையில் பூட்டி வைத்த சம்பளக்கார ஆசிரியை கத்துகிறாள். நெருப்பும் செட்டும் மலிவானவை. ஹெனெஸி இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்க்கும் அந்தச் சில நிமிடங்கள் மலிவானவை அல்ல. பையன் விக்டோரியாவிடம் ஓடி வருகிறான். பெற்றவர் யாரென்று தெரியாதவளிடம், பெற்றவளை விட்டுவிட்டு.

அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "கடைசில இவளுக்கு அம்மா யாருன்னு காட்டுவாங்களா?" என்று கேட்டார்.

"இல்ல. சொல்லவே மாட்டாங்க."

"ஓ," என்றார். எழுந்து போய் தேநீர் கலக்கிக்கொண்டு வந்தார். மறுநாள் பசியாறிய கையோடு 192-ஐப் போடச் சொன்னார்.