கருங்கல்லின் நிதானம்
தருமபுரி அருங்காட்சியகத்து நடுகற்களில் கல் ஓய்வதே இல்லை. வில் வளைகிறது, வாள் உயர்கிறது, வீரனின் கால் முன்னே பாய்கிறது. 1965 வரை தருமபுரியும் சேலமும் ஒரே மாவட்டம்தான். அந்தப் பழைய உறவைப் பிடித்துக்கொண்டு தெற்கே சேலம் மாவட்டத்து ஆத்தூர்ப் பக்கம் தியாகனூருக்குப் போனால், கருங்கல் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறது. புத்தராக.

மடியில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் இரண்டு உள்ளங்கைகள்தான் எனக்குப் பிடித்த இடம். இறுக்கமும் இல்லை, தொய்வும் இல்லை. தூங்கும் குழந்தையை ஏந்திய கை அப்படித்தான் இருக்கும். கருங்கல் மாக்கல்லைப் போல இளகிக் கொடுக்காது. கொத்தக் கொத்த உளிமுனைதான் மழுங்கும். உலையில் காய்ச்சி, தட்டி, நீரில் தோய்த்து மறுபடியும் கொத்தவேண்டும். தலையின் சுருள்முடியை ஒவ்வொன்றாக அப்படி எடுத்திருக்கிறார்கள். ஒரு சுருள் தெறித்திருந்தால் அவ்வளவுதான், ஒட்டவைக்க வழியில்லை. இந்த மௌனத்துக்காக எத்தனை நாள் 'டங் டங்' என்று ஊரே அதிர்ந்ததோ! இன்று பக்கத்தில் விகாரையும் இல்லை, ஓதும் பிக்குகளும் இல்லை. ஊர்க்காரர்கள் கும்பிடுகிறார்கள். வெயில் சாயும்போது இமையின் கீழே மெல்லிய நிழல் ஒன்று இறங்குகிறது. அதைப் பார்க்கக் கொஞ்சம் காத்திருக்கவேண்டும்.